ரூவான் கதீட்ரலும் சேன் ஆறும் ஒரே கேன்வாஸில்: எங்கிருந்து பார்ப்பது, எப்படிப் பூசுவது?

#1 நீலத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். 40 × 60 செ.மீ. கேன்வாஸ், படுக்கைவாட்டில். ஆயில் கலர். கீழ்ப்பாதி சேன் ஆறு, மேலே பிரான்சின் ரூவான் நகரக் கதீட்ரல், பின்மதிய வெயில். பிரெஞ்சு ஓவியர் மோனே இதே கதீட்ரலை வரைந்த வரிசையில் கல்லின் மேல் சாந்து அப்பியதுபோல் பெயின்ட் இருக்கிறதே, அந்த மேற்பரப்பு எனக்கு வேண்டும். நேரடி நகல் அல்ல. அந்த முறையில் ஒரு பயிற்சி.

கேட்க வேண்டியவை: எந்த இடத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வது, எந்தெந்த டியூப்கள் போதும், கனப்பூச்சை எத்தனை அடுக்கில் ஏற்றுவது, தண்ணீரில் கோபுரத்தின் பிம்பத்தை எப்படிப் போடுவது. தொடங்கும் முன்பே எங்கெங்கே கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டால் நல்லது.

#2 கல்தச்சன்

முதலில் இடம். மோனேயின் வரிசையில் இருப்பது கதீட்ரலின் மேற்கு முகப்பு. 1892, 1893 இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, எதிரே சதுக்கத்தில் இருந்த கட்டடங்களின் மாடி ஜன்னல்களிலிருந்து வரைந்தார். அந்த முப்பது சொச்சம் படங்களில் பெரும்பாலானவை முகப்பையே நெருக்கமாகப் பிடித்தவை. ஆறு அவற்றில் கிடையாது. இருக்கவும் முடியாது. ஆறு கோயிலுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது. மேற்கு முகப்பை நேராகப் பார்ப்பவருக்கு அது வலப்பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால். மேற்கு முகப்பை வெட்டி எடுத்து ஆற்றங்கரையில் ஒட்டினால் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஊர் தெரிந்தவர் சிரிப்பார்.

ஆறும் கதீட்ரலும் சேர்ந்து கிடைக்கும் உண்மையான இடங்கள் இரண்டு. ஒன்று, இடது கரை, அதாவது தென்கரை. அங்கிருந்து வடக்கே பார்த்தால் கதீட்ரலின் தெற்குப் பக்கம் நீளவாட்டில் தெரியும். இடக்கோடியில் மேற்கு முகப்பின் இரு கோபுரங்கள்: வெண்ணெய்க் கோபுரம் 75 மீட்டர் நமக்கு அருகில், சேன் ரோமேன் கோபுரம் 82 மீட்டர் அதற்குப் பின்னால். நடுவில் 151 மீட்டர் உயர வார்ப்பிரும்பு ஊசிக்கோபுரம். இரண்டாவது இடம், நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள சென்ட் கேத்தரின் குன்று. அங்கிருந்து ஆறு வளைந்து போவதும், கூரைகளுக்கு மேலே கதீட்ரல் எழுவதும் ஒன்றாகத் தெரியும். மோனே 1892இல் வரைந்த ரூவான் பொதுக்காட்சி அந்தக் குன்றிலிருந்துதான். ரூவான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெயில் கணக்கு: தென்கரையில் நின்றால் நண்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். கல்லில் நிழலே இருக்காது, தட்டையாக வரும். காலையில் வெளிச்சம் வலமிருந்து, பின்மதியத்தில் இடமிருந்து. நீங்கள் கேட்ட பின்மதியம் நல்ல தேர்வு; கோபுரங்களின் மேற்கு விளிம்பு சூடாகவும், தெற்குப் பக்கத்தின் முட்டுச்சுவர்களுக்கு இடையே குளிர்ந்த நிழலும் கிடைக்கும். குன்றிலிருந்து என்றால் மாலையில் எல்லாம் எதிர்வெயிலில் நிழலுருவாகிவிடும். அங்கே காலைதான் சரி.

மாதத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ரூவான் 49.4 பாகை வடக்கு. பிப்ரவரி நடுவில் நண்பகல் சூரியன் 28 பாகை உயரம்தான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் 48 பாகை. ஒரே பருவத்துக்குள் நிழல்கள் இவ்வளவு இடம் மாறுவதுதான் மோனேயை அங்கே படுத்தியெடுத்தது. இரண்டு வெவ்வேறு மாதப் புகைப்படங்களைச் சேர்த்து வரைந்தால் நிழல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

#3 வண்ணக்கலம்

டியூப்கள். மோனே 1905இல் தன் விற்பனையாளர் துராண்ட்-ருயேலுக்கு எழுதிய கடிதத்தில் தான் பயன்படுத்தும் நிறங்களைச் சொல்லியிருக்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், ஆழ்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவ்வளவே. கறுப்பு இல்லை, மண்ணிறங்கள் இல்லை.

இன்றைக்கு வாங்க வேண்டியது: டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள் (மீடியம்), வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் ரெட் லைட், மேடருக்குப் பதில் குவினாக்ரிடோன் ரோஸ், கோபால்ட் நீலம், விரிடியன். டியூப்பின் பின்புறம் நிறமி எண் அச்சிட்டிருக்கும், அதைப் படித்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பி.ஆர். 83 இருந்தால் வேண்டாம். வெள்ளையோடு மெல்லியதாகக் கலந்த இளஞ்சிவப்புதான் இந்தப் படத்தின் உயிர், அந்தக் கலவையில்தான் அது சீக்கிரம் வெளுக்கும். பி.வி. 19 என்றிருந்தால் நம்பி வாங்கலாம். "கோபால்ட் ப்ளூ ஹ்யூ" என்றால் பெரும்பாலும் அல்ட்ராமரீனும் வெள்ளையும் கலந்தது. சிவப்புச் சாய்வு அதிகம், கல்லின் நிழல் ஊதாவாக ஓடிவிடும்.

வெயில் பட்ட கல்: வெள்ளை 12 பங்கு, காட்மியம் மஞ்சள் 1, காட்மியம் ரெட் கால் பங்கு. நிழல் கல்: வெள்ளை 6, கோபால்ட் 2, ரோஸ் 1, அதில் விரிடியன் ஊசிமுனை அளவு. இவை தொடக்கப்புள்ளிதான், நிறுவனத்துக்கு நிறுவனம் நிறமியின் வலிமை மாறும். ஒரு கலவையில் மூன்று டியூப்களுக்கு மேல் போகாதீர்கள். நான்காவது எப்போதும் சேற்றைத்தான் கொண்டுவரும். (நிழல் கல்லின் விரிடியன் விதிவிலக்கு, அதனால்தான் ஊசிமுனை.)

டைட்டானியத்தின் குணம் ஒன்று சொல்ல வேண்டும். ஈய வெள்ளையைவிட அதன் மூடும் வலிமை மிக அதிகம். எந்த நிறத்தில் விழுந்தாலும் அதைச் சுண்ணாம்புப் பொடி பூசியதுபோல் ஆக்கிவிடும். அதைத் தணிக்க, நுண்ணிய சாக்பொடியை லின்சீட் எண்ணெயில் பிசைந்து பெயின்ட் பதத்துக்கு விழுதாக்கி, 3 பங்கு டைட்டானியத்துக்கு 1 பங்கு சேருங்கள். வெள்ளையின் ஆதிக்கம் குறையும், பெயின்டுக்குக் கெட்டியும் கிடைக்கும், காசும் மிச்சம்.

#4 தேர்வடம்

எல்லாம் சரி சார், ஆனால் இதெல்லாம் ஆராய்ச்சி. மோனேயின் பாணியான இம்ப்ரெஷனிசம் என்றாலே ஒரே அமர்வில், ஈரத்தின் மேல் ஈரமாக அடித்து முடிப்பது. இடத்திலேயே தொடங்கி இடத்திலேயே முடிப்பது. அடுக்கு, காயவைப்பு, விழுது என்று போனால் அந்த வேகம் செத்துவிடும்.

#5 மெல்லுலர்

தேர்வடம், 1870களில் மோனே ஆர்ஜாந்தேயில் வரைந்த படகுப் படங்களுக்கு நீங்கள் சொல்வது பெருமளவு பொருந்தும். கதீட்ரல் வரிசைக்குப் பொருந்தாது. 1892லும் 1893லும் இடத்தில் தொடங்கிய கேன்வாஸ்களை ஜிவெர்னி கிராமத்தில் இருந்த தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் 1894 வரை வேலை செய்தார். பெரும்பாலானவற்றில் 1894 என்றுதான் கையெழுத்து. 1895 மே மாதம் துராண்ட்-ருயேல் காட்சியில் வைத்தது 20 படங்கள். அந்தப் படங்களின் மேலோடு காய்ந்த அடுக்கின் மேல் காய்ந்த பிரஷை இழுத்து இழுத்து வந்தது. ஈரத்தில் ஈரமாக அடித்தால் அது வரவே வராது. கீழே உள்ள மேடு குழைந்து மேலே பூசுவதோடு சேர்ந்துவிடும்.

இடத்தில் வேலை செய்தபோது வேகம் இருந்தது என்பது உண்மை. பல கேன்வாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற அடுத்ததை எடுப்பார். ஆக வேகமும் உண்டு, பொறுமையும் உண்டு. இரண்டும் வெவ்வேறு நாட்களில்.

#6 நிழல்வெளி

நிறத்தைப் பேசும் முன் வேல்யூ, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கருமை என்பது. இந்த வகைப் படத்தில் பத்தில் எட்டுப் பேர் விழும் குழி இதுதான். புகைப்படத்தில் கதவுக் குழிவுகளும் ஜன்னல்களும் கறுப்பாக இருக்கும், அப்படியே போட்டுவிடுவார்கள். கட்டடம் கெட்டியாகிவிடும், காற்று செத்துவிடும்.

மோனேயின் வெயில் படங்கள் எதையாவது கணினியில் சாம்பல்நிறமாக்கிப் பாருங்கள். கட்டடத்துக்குள் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்று தெரியும். வாசல் குழிவுகளில் கறுப்பு இல்லை, காய்ச்சிய ஆரஞ்சும் பழுப்பும். நிழலில் தரையிலிருந்து மேலே எகிறும் வெளிச்சம் அது.

1 கறுப்பு, 10 வெள்ளை என்று பத்துப்படி அளவுகோல் வைத்தால், உங்கள் படத்துக்கு நான் வைப்பது: வானம் 8, வெயில் கல் 8 அல்லது அதற்கு ஒரு மயிரிழை மேலே, நிழல் கல் 6, கல்லில் மிக ஆழமான குழிவு 5. அதற்குக் கீழே கதீட்ரலில் எதுவும் போகக் கூடாது. கரை வீடுகளின் நிழல் 4 அல்லது 5, படகு அல்லது பாலத்தூண் 3. படத்தின் ஆகக் கருத்த புள்ளி அருகில், ஆற்றில் இருக்கட்டும். அப்போது கதீட்ரல் தானாகவே தள்ளிப்போகும்.

வானமும் வெயில் கல்லும் ஏறத்தாழ ஒரே வேல்யூ என்பதைக் கவனியுங்கள். விளிம்பைப் பிரிப்பது நிறத்தின் சூடு (மஞ்சள், சிவப்புச் சாய்வு), குளிர்ச்சி (நீலச் சாய்வு) மட்டுமே. பலருக்குக் கை நடுங்கும் இடம் இது, கோட்டை இழுத்துவிடுவார்கள். இழுக்காதீர்கள்.

#7 நீலத்தாள்

நன்றி. தென்கரை, மார்ச், பின்மதியம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: எல்லாம் 5க்கும் 8க்கும் இடையே என்றால் கட்டடம் ஆவியாகப் போய்விடாதா? அப்புறம் நீரில் கோபுரத்தின் பிம்பத்தைத் தலைகீழாகக் கண்ணாடிபோல் அப்படியே மடித்துப் போடலாமா?

#8 கரைமணல்

இரண்டாவது கேள்விக்கு: மடிக்கக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் "ஆற்றங்கரைத் தேவாலயம்" படங்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் பொய்யாகின்றன. கட்டடம் கரையை ஒட்டி இருந்தால் மடிக்கலாம். கரையில் வீடுகள், அதற்குப் பின்னால் தள்ளிக் கதீட்ரல் என்றால் நீரில் தெரிவது வேறு காட்சி. உங்கள் கண் நீருக்கு மேலே எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்குக் கீழே இன்னொரு கண் இருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணுக்கு முன்வரிசை வீடுகள் பின்னால் இருப்பதை அதிகமாக மறைக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தூரங்களை வசதிக்காக வைத்துக்கொள்கிறேன்: கண் நீருக்கு மேல் 6 மீட்டர், எதிர்க்கரை வீடுகள் 180 மீட்டர் தூரத்தில், அவற்றின் கூரை நீரிலிருந்து 20 மீட்டர். கதீட்ரல் 480 மீட்டர் தூரத்தில், தரை நீருக்கு மேல் 5 மீட்டர்.

நேராகப் பார்க்கும்போது வீடுகள் கதீட்ரலின் இடத்தில் நீரிலிருந்து 43 மீட்டர் உயரம் வரை மறைக்கும். நீரில் பார்க்கும்போது 63 மீட்டர் வரை மறைக்கும். வெண்ணெய்க் கோபுரத்தின் தலை 80 மீட்டரில். நேரே அதில் 37 மீட்டர் தெரியும், நீரில் 17 மீட்டர்தான். கேன்வாஸில் நீரில் தெரியும் துண்டு மேலே தெரிவதில் பாதிக்கும் குறைவு. ஊசிக்கோபுரம் மட்டும் தாக்குப்பிடிக்கும்: கூரைக்கு மேலே தெரியும் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரிலும் வரும். கோயிலின் நீளமான கூரை மேலே கொஞ்சம் தலைகாட்டினாலும் நீரில் வரவே வராது. அந்த இடத்தில் வீடுகளின் தலைகீழ்ப் பிம்பம், அதற்குக் கீழே வானம்.

இன்னொன்று. நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு கண்ணாடி அல்ல. எதிர்க்கரைக் கூரைகளின் பிம்பம் விழும் இடத்தில் பார்வை நீரைச் சாய்வாக உரசும். அங்கே திரும்பி வரும் ஒளி 42 விழுக்காடு. ஊசிக்கோபுரத்தின் நுனி விழும் இடம் உங்கள் முன்னே வெறும் 18 மீட்டரில். அங்கே 15 விழுக்காடுதான். மீதி, தண்ணீரின் சொந்த நிறம். ஆகவே கோபுரத்தின் பிம்பம் கீழே வர வர ஆற்றின் பச்சைப் பழுப்புக்குள் கரைந்துபோக வேண்டும். நுனியைக் கூர்மையாகப் போட்டு முடித்தீர்களோ, அது தண்ணீரில் குத்தி வைத்த ஆணி.

பொது விதி: வெளிச்சமானது நீரில் ஒரு படி கருக்கும், கருப்பானது ஒரு படி வெளுக்கும். வானம் 8 என்றால் நீரில் 7, பாலத்தூண் 3 என்றால் நீரில் 4.

#9 நிழல்வெளி

கரைமணலின் கணக்கு முதல் கேள்விக்கும் பதில். கட்டடம் ஆவியாகாமல் இருக்கக் கறுப்பு தேவையில்லை, செங்குத்துகள் போதும். கோபுர விளிம்பு, முட்டுச்சுவர்கள், ஊசி; இவை சரியான இடத்தில் சரியான சாய்வில் நின்றால் மேலே எவ்வளவு மூடுபனி போட்டாலும் கல் கல்லாகவே நிற்கும். மோனேயின் ஓவியங்களில் நிறம் உருகுகிறது. கட்டடத்தின் அமைப்பு உருகவில்லை. கீழ்வரைவை அசிரத்தையாக விட்டுவிட்டு "இம்ப்ரெஷன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

#10 மெல்லுலர்

கரைமணலின் எண்களை உங்கள் கேன்வாஸில் வைத்துப் பார்த்தேன். நீலத்தாள், உங்கள் திட்டத்தையே மாற்றும் விஷயம் இதில் இருக்கிறது.

40 செ.மீ. உயரத்துக்குள் ஊசியும் அதன் பிம்பமும் முழுதாக வர வேண்டும் என்றால், கண்மட்டத்துக்கு மேலே ஊசிநுனி சுமார் 16.5 செ.மீ., வீட்டுக் கூரைகள் 4 செ.மீ., வெண்ணெய்க் கோபுரத்தின் தலை 8 செ.மீ. கோயிலின் மொத்த நீளம் 140 மீட்டர் என்றால் கேன்வாஸில் 15 செ.மீ. ஆக நீங்கள் கல்லாகப் பூசப்போகும் பரப்பு, அகலத்தில் 15, உயரத்தில் அதிகபட்சம் 4 செ.மீ. மோனே அதே சாந்துப் பூச்சை வைத்தது 100 × 65 செ.மீ. கேன்வாஸில், முகப்பு மட்டுமே முழுக்க நிறைந்திருக்கும் படத்தில். அந்த மேலோட்டை 4 செ.மீ. கட்டடத்தில் வைத்தால் ஒரு பிரஷ் தடமே ஒரு கோபுரத்தை விழுங்கிவிடும்.

கனப்பூச்சு கிட்டப் பார்வைக்குச் சொந்தமானது. அதே மோனே குன்றிலிருந்து ஊரைப் பார்த்தபோது மெல்லிய, சுருக்கமான வீச்சுகளால்தான் முடித்தார். எனவே இரண்டில் ஒன்று. ஆறு வேண்டும் என்றால் கனத்தைச் சூரியன் அடிக்கும் துண்டுகளுக்கு மட்டும் வையுங்கள்: கோபுரத்தின் மேற்கு விளிம்பு, சில கூரைகள், நீரில் பட்டுத் தெறிக்கும் இரண்டு மூன்று வெளிச்சக் கீற்றுகள். கனமே வேண்டும் என்றால் ஆற்றை விட்டுவிட்டு மேற்கு முகப்புக்குப் போங்கள், கேன்வாஸையும் நிமிர்த்துங்கள். இரண்டையும் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

பெயின்ட் செலவையும் பாருங்கள். 40 × 60 என்றால் 2400 சதுர செ.மீ. முழுவதும் 1 மி.மீ. கனம் என்றால் 240 மி.லி., அதாவது 40 மி.லி. டியூப்பில் ஆறு. 120 சதுர செ.மீ.க்கு மட்டும் 1 மி.மீ., மீதி 0.2 மி.மீ. என்றால் 60 மி.லி.க்கும் கீழே. தட்டில் வீணாவதையும் சேர்த்து வெள்ளை இரண்டு டியூப், மற்றவை ஒவ்வொன்று போதும்.

#11 நீலத்தாள்

ஆறுதான் வேண்டும். கனம் வெயில் துண்டுகளுக்கு மட்டும். வரிசை சொல்லுங்கள்.

#12 மெல்லுலர்

தரை (பெயின்டுக்கு அடியில் வரும் பூச்சு): கடையில் வாங்கும் கேன்வாஸ் என்றாலும் மேலே அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு கோட், குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் 220 எண் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. நெசவின் மணி தெரிய வேண்டும், காய்ந்த பிரஷ் இழுக்க அதுதான் பிடிமானம். ஜெஸ்ஸோ மிக அதிகமாகக் குடிக்கும் ரகமாக இருந்தால் மேலே பூசும் நிறம் எண்ணெயை இழந்து திட்டுத்திட்டாக மங்கும். ஒரு மூலையில் சொட்டு லின்சீட் எண்ணெய் வைத்துச் சோதியுங்கள். சில நிமிடத்தில் முழுதாக உறிஞ்சிக்கொண்டால், வெள்ளையில் சிறிது டர்பன்டைன் கலந்து மெல்லிய ஆயில் கோட் ஒன்று கொடுத்துக் காயவிடுங்கள். மோனே காலத்து ரெடிமேட் கேன்வாஸ்களின் தரை வெளிறியதுதான், வெள்ளை, கிரீம், இளஞ்சாம்பல் என்று. இந்தப் படத்துக்கு இளஞ்சாம்பல் நல்லது. வெள்ளைத் தரையில் 8ஆம் படி வானமே அழுக்காகத் தெரிந்து, பதறிப்போய் இன்னும் வெளுக்கவைப்பீர்கள்.

வரைவு: பென்சில் வேண்டாம். கோபால்ட் நீலத்தை டர்பன்டைனில் தேநீர்போல் கரைத்து, 2ஆம் எண் பிரஷால் கண்மட்டக் கோடு, கரைக்கோடு, மூன்று கோபுரங்களின் நடுக்கோடு, அவ்வளவே.

முதல் அடுக்கு: அதே நீர்த்த நிலையில் பெரிய பகுதிகளை நிரப்புங்கள். வானமும் ஆறும் ஒரே நேரத்தில், ஒரே தட்டுக் கலவையிலிருந்து. வானத்தை முடித்து இரண்டு நாள் கழித்து ஆறு என்றால் அந்த நீலம் மறுபடி கிடைக்காது. இதைக் காயவிடுங்கள், சென்னைபோல் ஈரக்காற்று உள்ள ஊரில் மழைக்காலத்தில் கூடுதல் நாள் ஆகும். விரலால் தொட்டு ஒட்டாமல் இருந்தால் மட்டும் அடுத்தது.

இரண்டாவது அடுக்கு: டியூப் பதம், டர்பன்டைன் சேர்க்காமல். வானத்தில் அகலமான வீச்சு, கல்லில் குட்டையான செங்குத்து, கரை வீடுகளில் கூரைச் சாய்வு, நீரில் கிடைமட்டம். நான்குக்கும் நான்கு திசை. நிறம் நெருங்கியிருந்தாலும் பொருள் பிரிந்துவிடும்.

மூன்றாவது, வெயில் துண்டுகள். வெள்ளையையும் மஞ்சளையும் பழுப்பு அட்டை அல்லது மை உறிஞ்சும் தாளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிதுக்கி வைத்தால் மேலதிக எண்ணெய் வடிந்து பெயின்ட் வெண்ணெய்போல் நிற்கும், பளபளப்பும் போகும். இரவு முழுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் அறவே போனால் காய்ந்தபின் உதிரும். முரட்டுப் பன்றிமயிர் ஃபிளாட் பிரஷ், 4 அல்லது 6. பிரஷை ஏறக்குறையக் கேன்வாஸுக்கு இணையாகப் படுக்கவைத்து இழுங்கள். மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளத்தில் கீழ் அடுக்கின் நீலம் எட்டிப்பார்க்கும். ஒரு இடத்தை இரண்டு தடவைக்கு மேல் தொடாதீர்கள். மூன்றாவது தடவை கீழே இருப்பதைக் கிளப்பும்.

#13 காப்பாளன்

மெல்லுலர் சொன்னதில் ஒரு சிக்கல்: எண்ணெய் வடித்த பெயின்டை எண்ணெய் அதிகமுள்ள அடுக்கின் மேல் வைப்பது "மெலிந்ததன் மேல் கொழுத்தது" (எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, அதிகமுள்ளது மேலே) என்ற விதிக்கு எதிர். மெல்லிய திட்டுகளாக, நன்றாகக் காய்ந்த அடுக்கின் மேல் என்றால் ஆபத்து குறைவு. பரந்த பரப்பில் செய்தால் வெடிக்கும். அடியில் ரோஸ் போன்ற மெதுவாகக் காயும் நிறத்தைக் கனமாக வைத்து மேலே சீக்கிரம் காய்வதைப் பூசினாலும் வெடிப்புதான். எண்ணெயை அளவுக்கு மீறிச் சேர்த்துக் கனமாக வைத்தால் மேல்தோல் சுருங்கும். அதைச் சரிசெய்யச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

வெள்ளையில் இன்னொரு எச்சரிக்கை. பல நிறுவனங்களின் "டைட்டானியம் வெள்ளை" டியூப்பில் சிங்க் ஆக்ஸைடும் இருக்கும், அதாவது பி.டபிள்யு. 4. சிங்க் நாளடைவில் மொறமொறப்பாகி அடுக்கோடு பெயர்ந்து வரும். கனப்பூச்சுக்குப் பி.டபிள்யு. 6 மட்டும் உள்ளதை எடுங்கள். ஈய வெள்ளை எங்காவது கிடைத்தாலும் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். நச்சு, அதிலும் காய்ந்ததை உப்புத்தாளில் தேய்ப்பது தன் நுரையீரலுக்குத் தானே செய்யும் கெடுதல்.

#14 கல்தச்சன்

நீரைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. ரூவான் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்தாலும் சேன் ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் அதுவரையும் அதைத் தாண்டியும் வரும். மேலே போஸ் அணைதான் அதை நிறுத்துகிறது. நீர்மட்டம் இறங்கும்போது கரைச்சுவரின் கீழ்ப்பகுதி ஈரக் கருப்புப் பட்டையாக வெளியே தெரியும். வீடுகளையும் அவற்றின் பிம்பத்தையும் பிரிக்க இதைவிட நல்ல கோடு கிடைக்காது, வலிந்து ஒரு கரைக்கோடு போடத் தேவையில்லை. ஓட்டம் நிற்கும் சிறிது நேரத்தில்தான் கரைமணல் சொன்ன அளவுக்குத் தெளிவான பிம்பம். ஓட்டமும் காற்றும் இருந்தால் அலை, பிம்பத்தைச் செங்குத்தாக நீட்டிவிடும். கிடைமட்ட விளிம்புகள் முதலில் மறையும், செங்குத்துகள் நடுங்கியபடி நிற்கும்.

#15 பழுப்புமை

மோனேயின் சக இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் பிசாரோவையும் பாருங்கள் நீலத்தாள். 1896இல் ரூவான் ஓட்டல் ஜன்னல்களிலிருந்து பாலங்கள், கப்பல்கள், புகை என்று ஆற்றை வரைந்தவர் அவர்தான். பழைய ரூவானின் கூரைகளுக்கு மேலே கதீட்ரல் எழும் அவருடைய மந்தாரநாள் படம் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தைய ஆண்டு மோனேயின் காட்சியைப் பார்த்து வியந்தவர், தன் மகன் லூசியேனையும் வந்து பார்க்கச் சொல்லி எழுதியவர். இருந்தும் தன் முறைக்குக் கதீட்ரலைத் தூரத்தில், கூரைகளின் நடுவே வைத்தார். உங்கள் அளவு கேன்வாஸுக்கு மோனேயின் முகப்பைவிட அதுதான் நெருங்கிய முன்மாதிரி என்பது என் கருத்து. பாரிஸில் நோத்ர்-தாம் கதீட்ரலையும் சேனையும் சேர்த்து டச்சு ஓவியர் யோங்கின்ட் 1864இல் வரைந்ததும் அங்குள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் உண்டு; கோபுரத்தை எவ்வளவு குறைந்த தடங்களில் நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள்.

#16 தேர்வடம்

அடுக்கு விஷயத்தில் மெல்லுலரை ஏற்கிறேன், கதீட்ரல் வரிசைக்கு. ஆனால் பிசாரோ பாணியில் போவதானால் வானமும் ஆறும் ஒரே அமர்வில் ஈரமாகவே முடியட்டும். அடுக்கு கல்லுக்கு மட்டும். ஆற்றைக் காயவைத்துக் காயவைத்துப் பூசினால் தார்ச்சாலை மாதிரி ஆகும்.

#17 மெல்லுலர்

அதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது அடுக்கில் வானத்தையும் நீரையும் ஈரமாக முடித்துவிட்டு, மூன்றாவதில் நீரில் அந்த இரண்டு மூன்று கீற்றுகளைத் தவிர எதையும் தொடாமல் விடுங்கள்.

#18 நீலத்தாள்

கடைசியாக இரண்டு. வார்னிஷ் போடலாமா? ஊசிக்கோபுரத்துக்கு எந்தப் புகைப்படத்தை நம்புவது? ஒன்றில் நான்கு சின்னக் கோபுரங்கள் சுற்றி நிற்கின்றன, ஒன்றில் மூன்றுதான், ஒன்றில் முழுக்கச் சாரம்.

#19 காப்பாளன்

வார்னிஷ் இந்தப் படத்துக்கு வேண்டாம். மோனே மங்கலான பரப்பையே விரும்பினார். வார்னிஷ் ஏறினால் நிழல் நீலங்கள் ஒரு படி ஆழமாகும், நிழல்வெளி பாடுபட்டுக் கட்டிய 5க்கு மேற்பட்ட அளவுகோல் குலைந்துவிடும். தூசிக்குப் பயந்தால் கண்ணாடிச் சட்டம் போடுங்கள், கனப்பூச்சு கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளிக் கட்டை வைத்து.

#20 கல்தச்சன்

மூன்று புகைப்படமும் உண்மைதான், காலம்தான் வேறு. 1822இல் பழைய கூர்ங்கோபுரம் எரிந்தது. அதற்குப் பதில் வந்த இரும்பு ஊசி 1876இல் எழுந்து நாலாண்டு உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. செம்புத்தகடு போர்த்திய நான்கு சின்னக் கோபுரங்கள் 1880களில் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று 1999 டிசம்பர் புயலில் முறிந்து கோயிலுக்குள் விழுந்தது. சாரம் கட்டியிருப்பது அண்மை ஆண்டுகளின் பழுதுபார்ப்பு. 2024 ஜூலையில் தீப்பிடித்ததும் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான். கரை வீடுகளும் அப்படியே: 1944 குண்டுவீச்சுக்குப் பிறகு கட்டியவை. 1890களின் ஆற்றங்கரை வேண்டும் என்றால் இன்றைய புகைப்படத்திலிருந்து வீடுகளை எடுக்காதீர்கள், பழைய அஞ்சலட்டைகளைத் தேடுங்கள். அவற்றில் ஊசியைச் சுற்றி நான்கும் நிற்கும்.

ஊசியைக் கல்நிறத்தில் போட்டுவிடாதீர்கள். அது இரும்பு, சட்டச்சட்டமாக இடைவெளி விட்டது. அதன் ஊடாக வானம் தெரியும். நிழல் கல் கலவையில் ரோஸைப் பாதியாக்கி விரிடியனைக் கொஞ்சம் கூட்டி, வானம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. மேலே போகப் போகப் பிரஷில் நிறம் தீர்ந்து தானே வெளுக்கும். அதன்பின் திருத்த வேண்டாம்.